பெரிய கட்டா, சிறிய கட்டா?
கணிப்பொறிகளுக்கிடையே தகவல் பரிமாற்றம் பற்றிய ஒரு விளக்கம்

மும்பை மாநகரின் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தோர் தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணிகளை நாடி வந்தோர் மாதுங்காவிலும், பின்னர் செம்பூரிலும் குடியேறினர். கோடை விடுமுறைக்கும், பொங்கலுக்கும், வீட்டில் நிகழும் நல்லது கெட்டதற்கும் இவர்கள் ஊர் செல்ல வேண்டியிருப்பதால், ரயில் நிலையத்தின் முன்பதிவுச் சாளரம் இவர்களுக்கு நன்கு பழக்கமான இடமாகும்.

செம்பூரில் வசிக்கும் ஒருவர் தாதரிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் பயணத்திற்கான இடம் மும்பையில் கிடைத்துவிடும். இரண்டாம் பயணத்திற்கான வண்டியோ சென்னையிலிருந்து புறப்படுவது; அதன் பதிவேடும் சென்னையிலேயே இருக்கும். முற்காலத்தில் இத்தகைய இடத்தைத் தந்தி மூலம் கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பது வழக்கம். ரயில்வேயின் கணிப்பொறிவழி முன்பதிவு 1985இல் தில்லியில் தொடங்கப்பட்டது. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய நகரங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. எனினும் இம்மையங்கள் சிறிது காலம் தனித்தனித் தீவுகளாகவே இயங்கின. ரயில்வே தகவல் முறைகளுக்கான மையம் என்னும் நிறுவனம் உருவாக்கிய 'கான்செர்ட்' என்ற அமைப்பின் மூலம் 1999இல் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன் பின்னர், செம்பூர்ச் சாளரத்தில் கேட்கப்படும் கேள்வி சென்னைக் கணிப்பொறியை அடைந்து, சில விநாடிகளில் விடையுடன் திரும்புவது இயலக்கூடியதாயிற்று.

இவ்வாறு ஓரிடத்திலுள்ள கணிப்பொறி கேட்பதும், மற்றோரிடத்திலுள்ள கணிப்பொறி தன் தரவுத்தளத்தில் தேடி விடையளிப்பதும் இன்று வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், பண்டகசாலை ஆகிய எல்லா இடங்களிலும் நடைபெறுகின்றன. கேட்கும் பொறி 'கிளையன்ட்' எனவும், வழங்கும் பொறி 'சர்வர்' எனவும் அழைக்கப்படும். வழங்கும் பொறி தன் விடையை ஒரே மூட்டையாக அனுப்புவதில்லை. குறிப்பிட்ட அளவுள்ள கட்டுகளாகப் பிரித்தே அனுப்புகிறது. அக்கட்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் மூன்று விநாடியில் முடியும் வேலை அரை விநாடிக்குள் முடிவதும், ஒருவருடைய வேலையால் வரிசை முழுவதும் காத்து நிற்பதும் பெரும்பாலும் இதனைப் பொறுத்தே அமைகின்றன.

டப்பாவாலாக்களின் அனுபவம்

இக்கேள்வி கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் எல்லாத் தொழில்களிலும் இது எழுகிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மும்பையிலேயே உள்ளது. 1890ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டப்பாவாலாக்கள், புறநகர் வீடுகளில் சமைத்த உணவைப் பெட்டிகளில் பெற்று, நகரின் அலுவலகங்களில் சேர்க்கின்றனர். காலையில் வீடுதோறும் பெட்டிகளைத் திரட்டுவர். நிலையத்தில் இடவாரியாகப் பிரிப்பர். நீண்ட மரத்தட்டுகளில் அடுக்கி மின்சார ரயிலில் ஏற்றுவர். இறங்கும் நிலையத்தில் மீண்டும் பிரித்து உரிய இடங்களுக்கு எடுத்துச் செல்வர்.

ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே ரயிலில் கொண்டு சென்றால், மனிதரின் உழைப்பு முழுவதும் போய்வருவதிலேயே கழிந்துவிடும். ஆகவே பல பெட்டிகளை ஒரே தட்டில் அடுக்குவது இன்றியமையாதது. ஆனால் தட்டை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்க இயலுமா? மின்சார ரயில் ஒரு நிலையத்தில் பெரும்பாலும் அரை நிமிட அளவே நிற்கும். அதற்குள் ஏற்றவும் இறக்கவும் இயலாத தட்டினால் பயனில்லை. ஒரு தட்டு நிரம்பட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்த பெட்டியின் உணவு ஆறிவிடும். தட்டு கவிழ்ந்தால் அதிலுள்ள உணவு முழுவதும் பாழாகும். சிறிய தட்டினால் வீண் நடை. பெரிய தட்டினால் தாமதமும் ஆபத்தும். இவ்விரண்டுக்கும் இடையே தொழிலுக்கேற்ற ஓர் அளவு அனுபவத்தால் அமைந்துள்ளது. கணிப்பொறிகளின் தகவல் கட்டுகளையும் இதே நெறிதான் ஆள்கிறது. வேறுபாடு என்னவெனில், இங்கு அனுபவத்தோடு கணக்கும் துணைக்கு வருகிறது.

போய்வரும் நேரம்

இக்கணக்கில் இரண்டு நேரங்களை வேறுபடுத்திக் காண வேண்டும். ஒன்று, கேள்வி சென்று விடையின் முதல் துளி திரும்புவதற்கு ஆகும் போய்வரும் நேரம். மற்றொன்று, விடையின் பிட்டுகள் அனைத்தையும் கம்பியில் ஏற்றி முடிப்பதற்கு ஆகும் கடத்தும் நேரம். முதலாவது தொலைவைப் பொறுத்தது. இரண்டாவது இணைப்பின் திறனைப் பொறுத்தது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே இழையின் நீளம் 1,300 கிலோமீட்டர் எனக் கொண்டால், ஒளி ஒருமுறை போய்வருவதற்கு 13 மில்லி விநாடி ஆகும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பகுதியாகும். இடையிலுள்ள சாதனங்களின் தாமதத்தையும் சேர்த்து 25 மில்லி விநாடி என வைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் வழியாக இணைப்பு ஏற்படுத்தினால் நிலைமை வேறு. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி மேலேறி இறங்கவும் விடை மேலேறி இறங்கவும் ஏறத்தாழ அரை விநாடி ஆகும். ஒளியின் வேகத்தை மனிதர் கூட்ட இயலாது. ஆகவே எவ்வளவு பணம் செலவிட்டாலும் இந்த நேரம் ஓர் எல்லைக்குக் கீழே குறையாது.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மும்பையிலுள்ள ஒரு கணிப்பொறி, சென்னையிலுள்ள தரவுத்தளத்திலிருந்து 1,200 பயணிகளைக் கொண்ட ஒரு பட்டியலைப் பெறுகிறது என்க. ஒவ்வொரு பதிவும் 100 பைட் நீளமுடையது. மொத்தம் 1,20,000 பைட், அதாவது 9,60,000 பிட். இணைப்பின் திறன் விநாடிக்கு 1 கோடி பிட் எனக் கொள்வோம். கடத்தும் நேரம் ஏறத்தாழ 0.1 விநாடி மட்டுமே. ஆனால் கேட்கும் பொறி ஒரு கட்டினைப் பெற்ற பின்னரே அடுத்த கட்டினைக் கேட்பதால், ஒவ்வொரு கட்டுக்கும் ஒருமுறை போய்வரும் நேரம் செலவாகிறது. ஆகவே மொத்த நேரம் பின்வருமாறு அமையும்:

கட்டுக்கு 10 பதிவுகள்: 120 முறை போய்வர வேண்டும்; 3 விநாடி காத்திருப்பு; மொத்தம் 3.1 விநாடி.

கட்டுக்கு 100 பதிவுகள்: 12 முறை, 0.3 விநாடி காத்திருப்பு, மொத்தம் 0.4 விநாடி.

1,200 பதிவுகளும் ஒரே கட்டு: 1 முறை, மொத்தம் ஏறத்தாழ 0.12 விநாடி.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, 10 பதிவுகளிலிருந்து 100க்கு உயர்த்துவதால் 2.7 விநாடி மிச்சமாகிறது. 100இலிருந்து 1,200க்கு உயர்த்துவதால் மிச்சமாவது 0.3 விநாடிக்கும் குறைவு. ஆதாயத்தின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. இரண்டாவது, 10 பதிவுகள் கொண்ட கட்டையே வைத்துக்கொண்டு இணைப்பின் திறனை இரட்டிப்பாக்கினால், 3.1 விநாடி 3.05 விநாடியாகக் குறைவதே பலன். திறன் மிக்க இணைப்பினை வாங்கியும் வேலை விரைவடையவில்லை என்று பல அலுவலகங்களில் எழும் முறையீட்டுக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். குழாய் அகலமாகிவிட்டது, ஆனால் அதன் வழியே முன்போலவே குவளை குவளையாக நீர் அனுப்பப்படுகிறது.

இதே காரணத்தால் இன்னொரு வியப்பும் நேர்கிறது. ஒரே கட்டடத்திற்குள் இரு பொறிகளை இணைத்துச் சோதனை செய்யும்போது போய்வரும் நேரம் அரை மில்லி விநாடி அளவே இருக்கும். அங்கே 120 முறை போய்வந்தாலும் 0.06 விநாடியே ஆகும். குறை கண்ணுக்குத் தெரியாது. அதே செயல்முறையைத் தொலைவிலுள்ள கிளையலுவலகத்தில் நிறுவியவுடன் அது தடுமாறத் தொடங்குகிறது. அங்கே மாறியது தொலைவு ஒன்றே. செயல்முறையில் எந்த மாற்றமும் இல்லை.

குழாயின் கொள்ளளவு

கட்டின் அளவைத் தேர்வதற்கு எளிய ஒரு வழிகாட்டி உண்டு. இணைப்பின் திறனைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால், ஒரே நேரத்தில் அந்த இணைப்பில் பயணம் செய்யக்கூடிய தகவலின் அளவு கிடைக்கும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் அது 2,50,000 பிட், அதாவது 31,250 பைட் ஆகும். இதனைக் குழாயின் கொள்ளளவு எனக் கருதலாம். கட்டின் அளவு இதற்குச் சமமானால், கடத்தும் நேரமும் காத்திருக்கும் நேரமும் சமமாகி, இணைப்பின் திறனில் பாதி பயன்படும். நான்கு மடங்கானால் 80 விழுக்காடு பயன்படும். 10 பதிவுகள் கொண்ட 1,000 பைட் கட்டினால் 3 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது. எஞ்சிய 97 விழுக்காடும் சும்மா கிடக்கிறது.

திறன் குறைந்த இணைப்பில் இக்கணக்கு மாறுகிறது. விநாடிக்கு 64,000 பிட் செல்லும் செயற்கைக்கோள் இணைப்பில் மேற்கூறிய பட்டியலைக் கடத்துவதற்கே 15 விநாடி வேண்டும். கட்டுக்கு 10 பதிவுகள் எனில் காத்திருப்பு 60 விநாடி, மொத்தம் 75 விநாடி. கட்டுக்கு 100 பதிவுகள் எனில் மொத்தம் 21 விநாடி. ஒரே கட்டு எனில் 15.5 விநாடி. இங்கே 15 விநாடிக்குக் கீழே குறைப்பதற்குக் கட்டின் அளவை மாற்றுவதால் இயலாது. திறனைக் கூட்ட வேண்டும், அல்லது கேட்கும் பதிவுகளைக் குறைக்க வேண்டும்.

பெருங்கட்டினால் விளையும் இடர்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு, கட்டு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று முடிவு செய்தல் தவறாகும். பெரிய கட்டுகளால் நான்கு வகையான இடர்கள் விளைகின்றன.

முதலாவது, மற்றவர்கள் காத்திருக்க நேர்வது. பயணச்சீட்டுக் கேள்வி ஒன்று 200 பைட் அளவுடையது எனில், 64,000 பிட் இணைப்பில் அது கடந்து செல்ல 0.025 விநாடி போதும். ஆனால் அதற்கு முன்னதாக 1,20,000 பைட் கொண்ட பட்டியல் வரிசையில் ஏறிவிட்டால், அது முடியும்வரை, அதாவது 15 விநாடி, சிறிய கேள்வி காத்திருக்க வேண்டும். பட்டியலை 8,000 பைட் கட்டுகளாகப் பிரித்து, கட்டுக்குக் கட்டு மற்றவர்களுக்கும் முறை அளித்தால், காத்திருப்பு 1 விநாடிக்கு மேற்படாது. பட்டியல் கேட்டவருக்குச் சிறிது கூடுதல் நேரம் ஆகலாம். சாளரத்தின் முன் நிற்பவர்களோ பெரிதும் பயனடைவர். பொது இணைப்பில் கட்டின் அளவு ஒருவருடைய வசதியை மட்டும் கருதித் தீர்மானிக்கத்தக்கதன்று.

இரண்டாவது, பிழை. இதனை விளக்க மும்பையின் கணிப்பொறி வரலாற்றையே நோக்கலாம். கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைப்பதற்காக 'எர்நெட்' என்னும் வலையமைப்புத் திட்டம் 1986இல் தொடங்கப்பட்டது. மும்பையின் ஜுஹு பகுதியிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை அதில் தொடக்க உறுப்பினர்களாக இருந்தன. 1990களின் தொடக்கத்தில் நகரங்களுக்கிடையே விநாடிக்கு 9,600 பிட் செல்லும் இணைப்புகளே பயன்பட்டன. அக்காலத்துத் தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் மிகுதி.

அத்தகைய ஒரு கம்பியில் சராசரியாக 1 லட்சம் பிட்டுக்கு ஒன்று பழுதாகிறது என்றும், பழுதான கட்டு முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டிலும் முகவரி முதலிய செய்திகளுக்காக 40 பைட் தலைப்பு உண்டு. தகவல் 100 பைட் மட்டுமே கொண்ட கட்டு அநேகமாகப் பழுதின்றிச் சேரும். ஆனால் தலைப்பே சுமையில் கணிசமான பங்கை விழுங்கிவிடுவதால், இணைப்பின் உழைப்பில் சுமார் 71 விழுக்காடு பயனுள்ளதாகிறது. 10,000 பைட் கட்டில் தலைப்பின் சுமை மிகச் சொற்பம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட கட்டுகள் பழுதாகி மீண்டும் அனுப்பப்படுவதால், பயன் 45 விழுக்காடாகக் குறைகிறது. இடைப்பட்ட 1,000 பைட் கட்டில் பயன் சுமார் 88 விழுக்காடு. சிறிதும் அன்று, பெரிதும் அன்று. நடுவிலேயே சிறந்த அளவு அமைகிறது. இன்றைய கண்ணாடி இழைகளில் பிழை மிக அரிதாகிவிட்டதால், சிறந்த அளவு மேலே நகர்ந்துள்ளது. ஆயினும் கம்பியில்லாத் தொடர்புகளில் இக்கணக்கு இன்றும் பொருந்தும்.

மூன்றாவது, நினைவகம். வழங்கும் பொறி ஒவ்வோர் இணைப்புக்கும் கட்டினை வைத்துக்கொள்ள இடம் ஒதுக்க வேண்டும். அனுப்புவதற்கு 32,768 பைட், பெறுவதற்கு 32,768 பைட் என ஒதுக்கினால், 1,000 சாளரங்களுக்கு 6.5 கோடி பைட்டுக்கு மேல் தேவைப்படும். இதனையே அனுப்புவதற்கு மட்டும் 20 லட்சம் பைட் என உயர்த்தினால், 200 கோடி பைட் தேவை. இந்த இடம் தரவுத்தளத்தின் மற்ற வேலைகளிலிருந்து பறிக்கப்படுவதாகும்.

நான்காவது, தகவல் பழையதாதல். கேட்கும் பொறியிடம் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்ட பதிவு, அந்தக் கணத்தின் நிழற்படம் போன்றது. காலியாக உள்ள 500 படுக்கைகளின் பட்டியலை ஒரே கட்டாக மும்பைக்கு வரவழைத்து, அதனைப் பார்த்து ஒருவருக்கு இடம் வழங்க முற்பட்டால், அதற்குள் அதே இடம் மதுரையில் விற்கப்பட்டிருக்கலாம். ஆகவே இடம் ஒதுக்குதல் போன்ற வேலைகளில் பட்டியலை வரவழைப்பதே முறையன்று. 'இந்த வண்டியில், இந்த நாளில், இத்தனை இடம்' என்ற சிறு கேள்வி சென்று, தேர்வு முழுவதும் வழங்கும் பொறியிலேயே நடந்து, முடிவு மட்டும் திரும்புவதே சரியான அமைப்பாகும். பெருங்கட்டு பட்டியல் அச்சிடவும், கணக்குத் தொகுக்கவும், பிரதி எடுக்கவும் உரியது.

அடுக்கடுக்கான கட்டுகள்

நடைமுறையில் கட்டின் அளவு ஓரிடத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. குறைந்தது மூன்று அடுக்குகளில் தீர்மானிக்கப்படுகிறது. செயல்முறை எழுதுவோர் ஒரே முறையில் எத்தனை பதிவுகளைக் கேட்பது என வகுக்கின்றனர். தரவுத்தள மென்பொருள் தன் கட்டு எத்தனை பைட் என வகுக்கிறது. அதனைச் சுமந்து செல்லும் வலையமைப்பு, தனக்கேற்ற சிறு பொதிகளாக மீண்டும் பிரிக்கிறது.

ஆரக்கிள் தரவுத்தளத்தை ஜாவா மொழியில் அணுகும் மென்பொருளில், வேறு கட்டளை இல்லையெனில் ஒரே முறையில் 10 பதிவுகளே பெறப்படுகின்றன. அதே நிறுவனத்தின் பிணைய மென்பொருளில் கட்டின் இயல்பான அளவு 8,192 பைட். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வரில் அது 4,096 பைட்; 32,767 பைட் வரை உயர்த்தலாம். கட்டடங்களுக்குள் பரவலாகப் பயன்படும் ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொதியின் அளவு 1,500 பைட். அதில் 40 பைட் தலைப்புக்குப் போக, 1,460 பைட் தகவலுக்கு எஞ்சும். ஆகவே 8,192 பைட் கொண்ட ஒரு கட்டு 6 பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. இதனால் ஒரு பொதி பழுதானால் அதனை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்; கட்டு முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. மேலடுக்கில் பெருங்கட்டின் ஆதாயத்தையும், கீழடுக்கில் சிறுகட்டின் பாதுகாப்பையும் ஒருங்கே பெறுவதற்கு இந்த ஏற்பாடு உதவுகிறது.

இந்த அடுக்குகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்காமல் ஒன்றை மட்டும் மாற்றுவதால் பயன் இராது. பதிவு 100 பைட், ஒரு முறைக்கு 10 பதிவுகள் எனில், ஒவ்வொரு முறையும் செல்வது 1,000 பைட்டே. 8,192 பைட் கொண்ட கட்டிலேயே எட்டில் ஏழு பங்கு காலியாக உள்ளது. இந்நிலையில் கட்டின் அளவை 32,000 பைட்டாக உயர்த்தினால் எந்த மாற்றமும் நிகழாது. பதிவுகளின் எண்ணிக்கையை முதலில் உயர்த்த வேண்டும். மேலும், ஆரக்கிள் இணைப்பில் இரு பக்கமும் தத்தம் அளவைத் தெரிவித்து, இரண்டில் சிறியதையே ஏற்றுக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் உயர்த்திவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது வீண்.

கீழடுக்கிலும் ஒரு வரம்பு உண்டு. அனுப்பும் பொறி, பெற்றதாக மறுமொழி வருவதற்கு முன் எத்தனை பைட் வரை தொடர்ந்து அனுப்பலாம் என்பதற்குப் பழைய இணைய நெறிமுறையில் 65,535 பைட் என்ற உச்சவரம்பு இருந்தது. அரை விநாடி போய்வரும் நேரமுள்ள செயற்கைக்கோள் இணைப்பில், இதனால் விநாடிக்கு 10.5 லட்சம் பிட்டுக்கு மேல் ஒரு தொடர்பில் அனுப்ப இயலாது. இணைப்பின் திறன் அதைவிடப் பன்மடங்கு இருந்தாலும் பயனில்லை. 1992இல் வெளியிடப்பட்ட நெறிமுறைத் திருத்தம் இந்த வரம்பை உயர்த்த வழிசெய்தது. இன்றைய கணிப்பொறிகளில் இவ்வசதி பொதுவாக அமைந்துள்ளது.

அளவைத் தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைக் கொண்டு, பொறுப்பிலுள்ளோர் பின்பற்றத்தக்க சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. முதலில் தேவையற்ற தகவலைக் கேட்பதை நிறுத்த வேண்டும். பெயரும் இருக்கை எண்ணும் போதுமான இடத்தில் பதிவு முழுவதையும் வரவழைத்தல் வீண். கேட்காத தகவலை விட விரைவாகச் செல்லும் தகவல் வேறில்லை.

2. வேலை நடைபெறும் உண்மையான இடத்திலிருந்து போய்வரும் நேரத்தையும் இணைப்பின் திறனையும் அளந்து, இரண்டையும் பெருக்கிக் குழாயின் கொள்ளளவை அறிய வேண்டும். சோதனைக்கூடத்தின் அளவு கிளையலுவலகத்திற்குப் பொருந்தாது.

3. ஒரு பதிவின் சராசரி நீளத்தைக் கொண்டு, ஒரு முறைக்கு எத்தனை பதிவுகள் கேட்பது எனக் கணக்கிட வேண்டும். 10இலிருந்து 100க்கு உயர்த்துவதே பல இடங்களில் போதுமானதாக இருக்கும்.

4. கட்டின் பைட் அளவை அதற்கேற்ப இரு பக்கங்களிலும் மாற்ற வேண்டும். இணைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி, நினைவகம் தாங்குமா எனப் பார்த்தல் அவசியம்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். பெருந்தகவல் கேட்டவருக்கு ஆன நேரத்தோடு, அதே வேளையில் சிறு கேள்வி கேட்டவர் காத்திருந்த நேரத்தையும் அளத்தல் வேண்டும்.

6. மக்கள் காத்து நிற்கும் நேரத்தில் சிறு கேள்விகளுக்கு முதலிடம் அளித்து, பட்டியல்களையும் பிரதிகளையும் கூட்டமில்லாத வேளைக்கு ஒதுக்குதல் நலம்.

எல்லா இடங்களுக்கும் எல்லா வேலைகளுக்கும் ஒத்துவரும் ஒரே அளவு என ஒன்றில்லை. மென்பொருளை உருவாக்கியவர்கள் இயல்பளவு ஒன்றை வைத்திருப்பது, எங்கும் ஓரளவுக்கு இயங்க வேண்டும் என்பதற்காகவே. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மிக நன்றாக இயங்க வேண்டும் என்பதற்காக அன்று. தொலைவு, திறன், பிழை, வேலையின் தன்மை ஆகிய நான்கையும் அறிந்தவரே அதனைத் திருத்தத் தகுதியுடையவர். இதற்குப் புதிய இயந்திரமோ பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. ஒரு கடிகாரமும், பெருக்கல் வகுத்தலும், பொறுமையும் போதும். ஒவ்வொரு சாளரத்திலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு விநாடி குறைந்தாலும், ஒரு சாளரத்தில் நாளொன்றுக்கு 300 பேர் வந்து செல்வாராயின் 10 நிமிடம் மிச்சமாகும். சாளரம் மூடும் வேளையில் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அந்தப் பத்து நிமிடம், ஊர் செல்ல இடம் கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும்.